முப்பத்தொரு பதிவுகள்

அஜந்தா டீச்சருக்கு அந்த வலைப்பூ ஒரு நாளும் பிடித்ததில்லை. பிடிக்கவில்லை என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது போனில் வகுப்பெடுக்கத் தெரிந்திருந்தது அவளுக்கு மட்டும்தான். அதனால், ஒவ்வொரு பாடசாலையும் வலைப்பூ ஒன்று தொடங்க வேண்டும், மாணவரும் ஆசிரியரும் அதில் எழுத வேண்டும் என்று வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்த அன்று, அதிபர் கனகசிங்கம் வேறு யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நீங்கதானே டீச்சர் இதெல்லாம் தெரிஞ்ச ஆள்," என்றார்.

அவ்வளவுதான் நியமனம். தரம் பத்துக்கும் பதினொன்றுக்கும் தமிழ்ப் பாடம், தரம் பத்தின் வகுப்பாசிரியர் வேலை, நூலகத்துச் சாவி, இவற்றின் மேல் இதுவும் வந்து ஏறிக்கொண்டது. நாற்பத்தொன்பது வயதில் தைரொய்ட் குளிசையை விழுங்கிவிட்டுக் காலை ஆறரைக்குக் குருக்கள்மடத்துத் துறையில் நிற்பாள். இயந்திரம் பூட்டிய தட்டைப் படகை அங்கே பாதை என்பார்கள். ஸ்கூட்டியையும் அதில் ஏற்றி வாவியைக் கடந்து, படுவான்கரையில் இறங்கி, வட்டை என்கிற வயல்வெளிக்கு நடுவே போகும் கிறவல் ரோட்டில் ஐந்து கிலோமீற்றர் ஓட வேண்டும். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போதே அரை நாள் வேலை செய்த அலுப்பு வந்துவிடும்.

முதல் இரண்டு வருடமும் வலைப்பூவில் இருந்ததெல்லாம் அவள் விரல் பட்டவைதான். மற்ற ஆசிரியர்கள் கையால் எழுதிய பாடக் குறிப்பை நீட்டிவிட்டு, "நேரம் கிடைக்கிற நேரம் போட்டு விடுங்க டீச்சர்" என்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. கணினி அறையில் இருந்த பதினொரு கணினியில் நான்குதான் உயிரோடு இருந்தன. அந்த நான்கில் தமிழ் எழுத்து வருவது இரண்டில்.

ஒரே ஒரு முறை அதன் பயனைக் கண்டாள். போன மார்கழி வெள்ளத்தில் பாதை ஒன்பது நாள் ஓடவில்லை. அந்த ஒன்பது நாளும் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் போனில் வலைப்பூவைத் திறந்து குறிப்பை வாசித்தார்கள். கீழே கேள்வி எழுதினார்கள். அவள் இக்கரையில் இருந்துகொண்டு பதில் எழுதினாள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள்கூட அதில் கேட்டன. பரவாயில்லையே என்று அப்போது நினைத்தாள். பிறகு வெள்ளம் வற்றியது, அந்த நினைப்பும் வற்றியது.

வலைப்பூவை உண்மையாகத் தேடி வாசித்தவர்கள் வேறு ஆட்கள். தரம் பத்தில் முப்பத்தொரு பிள்ளைகள். அவர்களில் எட்டுப் பேரின் தாய்மார் குவைத்திலும் கட்டாரிலும் சவூதியிலும் வீட்டு வேலைக்குப் போனவர்கள். பெற்றோரின் வட்ஸப் குழுவில் அவள் இணைப்பைப் போட்டதும், அந்தத் தாய்மார்தான் முதலில் திறப்பார்கள். "என்ட மகன்ட எழுத்தா இது", "சந்தோசம் டீச்சர்" என்று எழுதிச் சிவப்பு இதயங்களை வரிசையாக அடுக்கிவிட்டுப் போவார்கள். அஜந்தா அவற்றை எண்ணிக்கைக்காக மட்டும் பார்த்து வைப்பாள். மாத அறிக்கையில் பெற்றோர் கருத்துகள் எத்தனை என்று ஒரு கட்டம் இருந்தது.

வைகாசி மாதம் மதிப்பீடு என்று கடிதம் வந்தது. வலயத்திலிருந்து குழு வரும். ஒரே வகுப்பிலிருந்து குறைந்தது முப்பது மாணவர் பதிவுகள் இருக்க வேண்டும். வியாழக்கிழமை காலை பத்து மணி. கடிதம் அதிபர் கைக்கு வந்தது அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை.

அவள் தரம் பத்துக்கு ஒரு கட்டுரை கொடுத்தாள். எங்கள் வீட்டில் ஒரு நாள். இலகுவான தலைப்பு, யாரும் எழுதலாம். பிள்ளைகள் போனில் தட்டி அவளுக்கு வட்ஸப்பில் அனுப்பினார்கள். திங்களும் செவ்வாயும் எட்டொன்பது கட்டுரைகளை வாசித்தாள். எல்லாம் சேவல் கூவி எழும்பி, பல் துலக்கி, சாமி கும்பிட்டு, பள்ளிக்கூடம் வந்து, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டன. போன் வைத்திருக்கும் பிள்ளை சேவல் கூவித்தான் எழும்புகிறதா என்று கேட்கவும் அவளுக்கு அலுப்பாக இருந்தது.

புதன்கிழமை இரண்டு ஆசிரியர்கள் லீவு. அவளுடைய ஓய்வுப் பாடவேளை இரண்டும் அவர்களின் வகுப்புகளில் போயின. மணியடித்துப் பிள்ளைகள் கலைந்த பிறகு ஸ்டாஃப் ரூமில் தனியே குந்திக்கொண்டு, மடிக்கணினியில் ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்கினாள். தலைப்பு, பெயர், தரம், ஒட்டு, வெளியிடு. டேட்டா ஆமை வேகத்தில் போனது. முதலில் ஒவ்வொன்றிலும் நாலைந்து வரியாவது பார்த்தாள். பதினைந்துக்குப் பிறகு முதல் வரியை மட்டும். அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

இருபத்து நான்காவது தனுஷியாவுடையது. நீளமான கட்டுரை. அந்தப் பிள்ளை நன்றாக எழுதும், எழுத்துப் பிழை விடாது, இதைப் பார்த்து மினக்கெடத் தேவையில்லை என்று அஜந்தா நினைத்தது அவளுக்குப் பிற்பாடு தெளிவாக ஞாபகம் இருந்தது. ஒட்டினாள். வெளியிட்டாள். மூன்றே முக்காலுக்கு முப்பத்தொன்றும் முடிந்தன. இணைப்பைப் பெற்றோர் குழுவில் போட்டுவிட்டு, நான்கரைப் பாதையைப் பிடிக்க ஓடினாள்.

மறுநாள் குழு பத்தரைக்கு வந்தது. மூன்று பேர். அவர்களில் ஆசிரிய ஆலோசகர் உதயரூபன்தான் முக்கியமான ஆள். சிரித்த முகம், சுருக்கமான பேச்சு. புரொஜெக்டரில் வலைப்பூவைச் சுவரில் விழுத்தி, தரம் பத்துப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் இருத்தி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் போனார். முப்பத்தொரு தலைப்புகளும் வரிசையாக வந்தபோது அதிபர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பெற்றோர் பங்களிப்பு எப்பிடி?" என்று கேட்டபடியே உதயரூபன் கருத்துகள் பகுதியை அழுத்தினார். மேலே இருந்ததை வாசித்தார். "மகள் சாப்பிட்டியா. அம்மா முழுதும் வாசிச்சிட்டன்." திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார். "பாருங்க, மங்கை குவைத் எண்டு பேர் இரிக்கு. அங்க இருந்துகொண்டு ஒரு தாய் முழுதும் வாசிச்சிருக்கா. இதத்தான் நாங்க எதிர்பாக்கிற. டீச்சர், நல்ல வேலை."

அவர் கட்டுரையைத் திறக்கவில்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்ததுக்குப் போனார். மங்கை என்றால் மங்களேஸ்வரி, தனுஷியாவின் தாய் என்று அஜந்தாவுக்குத் தெரியும். எட்டுத் தாய்மாரில் அவள்தான் சிவப்பு இதயங்களை அதிகம் போடுகிறவள். இன்றைக்கு ஒன்றும் இல்லை. சாப்பிட்டியா என்று மட்டும் இருந்தது. அஜந்தா பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். நடு வரிசையில் தனுஷியா குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரம் வியர்த்திருந்தது.

குழுவுக்குத் தேநீரும் ரோலும் கொடுத்து அனுப்பி முடியப் பன்னிரண்டு மணியானது. அதன் பிறகுதான் அவள் ஸ்டாஃப் ரூமில் மடிக்கணினியைத் திறந்து அந்தக் கட்டுரையை வாசித்தாள்.

"எங்கள் வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம் என்றுதான் குவைத்தில் உள்ள அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறா. உண்மையில் நானும் தம்பியும் மட்டும்தான். தைப்பொங்கலுக்குப் பிறகு அப்பா வாகரையில் வேறு ஒரு வீட்டில் இருக்கிறார். அங்கே ஓர் அன்ரி இருக்கிறா.

"சனிக்கிழமை நான்கு மணிக்கு அம்மா வீடியோ கோல் எடுப்பா. மூன்றரைக்கு அப்பா வந்துவிடுவார். சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, சாரம் உடுத்துக்கொண்டு, எப்போதும் இங்கேயே இருக்கிற ஆள் மாதிரிக் கதிரையில் இருப்பார். தம்பி மடியில் ஏறிக்கொள்வான். அவனுக்கு அது உண்மையான சந்தோசம். என்ன சமைத்தாய் என்று அம்மா கேட்பா. நான் சட்டியைத் தூக்கிக் காட்டுவேன். ஐந்து மணிக்கு அப்பா சேட்டைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

"அம்மா திரும்பி வர இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. அங்கே அவ தனியே அழக்கூடாது என்றுதான் நாங்கள் சொல்லவில்லை. படுக்கும்போது கதவுக்குப் பின்னால் உலக்கையைக் குறுக்கே வைப்பேன். வேறு பயம் ஒன்றும் இல்லை."

கடைசியில் ஒரு வரி இடைவெளி விட்டு எழுதியிருந்தது.

"டீச்சர், இதை வலைப்பூவில் போட வேண்டாம். நீங்கள் மட்டும் வாசியுங்கள். மற்றப் பிள்ளைகளைப் போல எழுதப் பார்த்தேன், ஏலாமல் போய்விட்டது."

அந்த வரியும் சேர்ந்தே வலைப்பூவில் கிடந்தது. பார்வைகள் எண்பத்தாறு என்று காட்டியது. அவள் பதிவை அழித்தாள். உண்மையிலேயே அழிக்க வேண்டுமா என்று கணினி ஒருமுறை கேட்டது. ஆம் என்று அழுத்தியபோதே அது வீண் வேலை என்று அவளுக்குத் தெரிந்தது.

வகுப்புக்குப் போனாள். தனுஷியாவின் கதிரை வெறுமையாக இருந்தது.

"தலையிடி எண்டு அதிபரிட்டக் கேட்டுப் போயிட்டாள் டீச்சர்," என்றாள் வகுப்புத் தலைவி. மற்றப் பிள்ளைகளில் எத்தனை பேர் வாசித்திருப்பார்கள் என்று அஜந்தா கேட்கவில்லை. முகங்களைப் பார்த்தாலே போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமையும் பிள்ளை வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அஜந்தா அவளுடைய வீட்டைத் தேடிப் போனாள். வட்டை ஓரத்தில் அரைக்குச் சுவர் பூசிய கல்வீடு. முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் உடுப்பு ஊறிக்கொண்டிருந்தது. ஏழு வயதுத் தம்பி வாசலில் தகரப் பேணி ஒன்றை உருட்டி விளையாடினான். தனுஷியா உள்ளே இருந்து வந்து, டீச்சரைக் கண்டதும் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு கதிரையை எடுத்துப் போட்டாள்.

"இரிங்க டீச்சர். தண்ணி கொண்டு வாறன்."

"வேணாம் பிள்ளை. நீ இரி."

அவள் இருக்கவில்லை. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரும் வழியெல்லாம் அஜந்தா வார்த்தைகளை அடுக்கிக்கொண்டுதான் வந்தாள். மதிப்பீடு, நேரம், முப்பத்தொன்று, டேட்டா. இப்போது அவற்றில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"நான் அதப் போட்டிருக்கக் கூடா," என்றாள்.

தனுஷியா தம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நீங்க வாசிக்கல்லையா டீச்சர்?"

"இல்ல. வாசிக்கல்ல."

"முழுக்கவுமா?"

"ஒரு வரியும் வாசிக்கல்ல."

பிள்ளை தலையாட்டினாள். "நானும் அப்பிடித்தான் நினைச்சன். வாசிச்சிருந்தா போட்டிருக்க மாட்டீங்க எண்டு." உருண்டு வந்த பேணியைக் காலால் தம்பியிடம் தள்ளிவிட்டு, "ஆனா ரெண்டு நாளா நினைச்சுக்கொண்டிருந்தன், நீங்க வாசிச்சிட்டு என்ன சொல்லுவீங்க எண்டு. அனுப்பினதில இருந்து," என்றாள்.

அஜந்தாவுக்கு அந்த இடத்தில் அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. உடம்பு முழுக்க ஈரச் சாக்கு மாதிரிக் கனத்தது. மன்னிச்சிரு என்று சொன்னாள். பிள்ளை முற்றத்து வாளியைக் காட்டினாள். "திங்கட்கிழமை வாறன் டீச்சர். உடுப்புத் தோய்க்கக் கிடந்தது, அதான் வரல்ல," என்றாள்.

"அம்மா எடுத்தாவா?"

"இல்ல. சனிக்கிழமைதான் எடுப்பா. வேலை செய்யிற வீட்டு மேடம் கதைக்க விடுறது அண்டைக்குத்தான். மற்ற நாள்ல போனை ஒளிச்சு வச்சு வாசிக்கிறது மட்டும்."

திங்கட்கிழமை சொன்னபடி வந்தாள். இடைவேளையில் தானாகவே நூலகத்துக்கு வந்து, புத்தக அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சனிக்கிழமை நடந்ததைச் சொன்னாள். யாருக்காவது சொல்ல வேண்டியிருந்தது போலும். வேறு யார் இருக்கிறார்கள் அவளுக்கு.

அப்பா வழக்கம்போல மூன்றரைக்கு வந்திருக்கிறார். வாகரைப் பக்கம் மண் ஏற்றும் லொறி ஓடுகிறவர், வலைப்பூவெல்லாம் அவருக்கு எட்டவில்லை. பிள்ளைக்குச் சொல்லவும் துணிவு வரவில்லை. சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார். கதிரையில் இருந்தார். நான்கு மணிக்கு அம்மா எடுத்தா. எல்லாரையும் சுகம் கேட்டா. பிறகு, "அலுமாரியத் திறந்து காட்டுங்க, உங்கட சேட்டெல்லாம் எங்க?" என்று அப்பாவைக் கேட்டா. தோய்ச்சுப் போட்டிருக்கு என்றார் அவர். "அப்ப கொடியக் காட்டுங்க," என்றா. தம்பிதான் போனைப் பறித்துக்கொண்டு ஓடிப்போய்க் கொடியைக் காட்டினான். கொடியில் ஒரே ஒரு சேட்டு.

"அம்மா கன நேரம் அதையே பாத்துக்கொண்டிருந்தா," என்றாள் தனுஷியா. "பிறகு, 'அதப் போட்டுக்கொண்டு போங்க' எண்டா. சத்தம் போடல்ல. அப்பா போயிட்டார். அம்மா ஒரு மணித்தியாலம் லைன்ல இருந்தா டீச்சர். ஒண்டும் கதைக்கல்ல. நான் சோறு வடிக்கிறதப் பாத்துக்கொண்டு இருந்தா."

செவ்வாய்க்கிழமை முதல் பாடவேளையில் அதிபர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் விஜிதரன் நின்றான், தனுஷியாவின் தகப்பன். மெலிந்த ஆள், நன்றாக இஸ்திரி போட்ட சேட்டு. லொறிச் சாவியைக் கைக்குள் பொத்தியிருந்தான்.

"இவவா போட்டது?" என்று அதிபரைக் கேட்டான். அவர் பதில் சொல்லுமுன் அஜந்தா சொன்னாள், "ஓம். நான்தான்."

"எங்கட வீட்டுக் கதைய ஊருக்குச் சொல்ல நீங்க ஆரு டீச்சர்? லொறிக்காரப் பொடியனுகள் போனில காட்டிச் சிரிக்கிறானுகள். நான் என்ன, பிள்ளைகளப் பட்டினி போட்டனா? அடிச்சனா?" குரல் உயர்ந்து, பிறகு தானாகவே இறங்கியது. "ஒரு சனிக்கிழமை விட்டதில்ல. மழையிலயும் வந்தனான். கேட்டுப் பாருங்க பிள்ளையிட்ட."

அதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. அவன் அதை உண்மையாகவே ஒரு நியாயமாகத்தான் சொன்னான். அஜந்தாவால் அவனை வெறுக்கவும் முடியவில்லை. "நான் செய்தது பிழை. அது உங்கட பிள்ளைக்குச் செய்த பிழை," என்றாள். "அவளிட்ட மன்னிப்புக் கேட்டிட்டன். உங்களிட்டக் கேக்கிறதுக்கு ஒண்டும் இல்ல."

அவன் முறைப்பாடு செய்யப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனான். லொறி கிளம்பிப் போகும் சத்தம் அடங்கியதும் அதிபர் கதவைச் சாத்தினார்.

"டீச்சர், இது வலயத்துக்குப் போனா விசாரணை வரும்," என்றார் மெதுவாக. கனகசிங்கம் கெட்ட மனிதர் இல்லை. ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தது, அதைச் சத்தமில்லாமல் கடந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. "பாஸ்வேர்ட் பிள்ளைகளிட்டயும் இருந்த எண்டு எழுதுவம். அவளே தெரியாம போட்டுட்டாள் எண்டு முடிச்சிரலாம். பிள்ளைக்கு ஒண்டும் செய்ய மாட்டாங்க, சின்னப் பிள்ளை."

"பாஸ்வேர்ட் என்னட்ட மட்டும்தான் சேர் இருந்த."

"அது எனக்கும் உங்களுக்கும்தானே தெரியும்."

அஜந்தா மேசையில் கிடந்த சம்பவப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "எனக்குக் களைப்பா இரிக்கு சேர். பொய்ய எழுதினா அத ஞாபகம் வச்சுக்கொண்டு இருக்க வேணும். என்னால ஏலா." திகதியைப் போட்டு, மாணவியின் கட்டுரையை வாசிக்காமல் அவளுடைய அனுமதியின்றி வெளியிட்டேன் என்று எழுதி ஒப்பமிட்டாள். மூன்று வரி. அதிபர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதன் கீழே அவரும் ஒப்பமிட்டார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு வலயத்திலிருந்து ஒரே நாளில் இரண்டு கடிதம் வந்தன. ஒன்றில் அஜந்தாவிடம் விளக்கம் கேட்டிருந்தது. மற்றதில் சிறந்த பாடசாலை வலைப்பூவுக்கான இரண்டாம் இடம் கிடைத்திருந்தது. அதிபர் சான்றிதழை வெளியே எடுத்துப் பார்த்து, சட்டம் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் மேசை லாச்சிக்குள் வைத்தார். அஜந்தா விளக்கம் எழுதிக் கொடுத்தாள். வலைப்பூப் பொறுப்பிலிருந்து தன்னை விடுவிக்கும்படியும் அதில் கேட்டிருந்தாள். எச்சரிக்கை வந்தது, விடுதலை வரவில்லை. அந்தப் பொறுப்பை ஏற்க வேறு யாரும் முன்வரவில்லை.

மங்களேஸ்வரி அவளுக்குப் போன் எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். அஜந்தா துறையில் பாதைக்காகக் காத்து நின்றாள். தெரியாத நீளமான இலக்கம்.

"டீச்சர், நான் தனுஷியாட அம்மா. ரெண்டு நிமிசந்தான் கதைக்கலாம்."

அஜந்தா ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தினாள். "சொல்லுங்க."

"கோவமில்ல எண்டு சொல்ல மாட்டன். என்ட பிள்ளை எனக்கு ஒளிச்சத, ஊர்ல எல்லாரும் வாசிச்ச நேரந்தான் நானும் வாசிச்சன். அது எனக்கு மானக்கேடுதான்." பின்னால் எங்கோ அரபியில் தொலைக்காட்சி இரைந்தது. "ஆனா நீங்க போடாட்டி நான் இன்னும் பதினொரு மாசம் அந்தாளுக்குச் சிரிச்சுக்கொண்டு இருந்திருப்பன். இதில எது நல்லம் எண்டு எனக்குத் தெரியல்ல டீச்சர். யோசிச்சுப் பாத்தன். தெரியல்ல."

"எனக்கும் தெரியல்ல," என்றாள் அஜந்தா.

"என்ட தங்கச்சி பாசிக்குடாவில ஹோட்டல் வேலைய விட்டுட்டு வாறாள், பிள்ளைகளோட இருக்க. அவளுக்குக் களுவாஞ்சிக்குடியில தையல் கடையொண்டில வேலை பாத்து வச்சிருக்கு. நான் சித்திரைக்கு வருவன். முந்தி வர ஏலா, பாஸ்போட் இவங்களிட்ட." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "டீச்சர், அதை நீங்க அழிச்சிட்டீங்கதானே. நான் ஒருக்காத்தான் வாசிச்சன். பிறகு தேடினா இல்ல. எனக்கு அதை அனுப்புவீங்களா?"

அஜந்தாவின் வட்ஸப்பில் அது அப்படியே இருந்தது. ஒரு விரலால் தட்டினால் போகும். தூரத்தில் பாதை புகைவிட்டபடி வந்துகொண்டிருந்தது.

"பிள்ளையக் கேட்டுட்டுத்தான் அனுப்பலாம்," என்றாள். "குறை நினைக்காதீங்க."

"சரி," என்றாள் மங்களேஸ்வரி. "கேளுங்க."

திங்கட்கிழமை கேட்டாள். தனுஷியா போனை வாங்கித் தன் கட்டுரையை மேலிருந்து கீழே மெதுவாக வாசித்தாள். வேறு யாரோ எழுதியதை வாசிப்பது போல அவள் புருவம் சுருங்கியது. "ரெண்டு இடத்தில வசனம் சரியில்ல டீச்சர்," என்றாள் கடைசியில். "திருத்திப்போட்டு நானே அம்மாவுக்கு அனுப்புறன்." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அனுப்பினாளா, என்ன திருத்தினாள் என்று அஜந்தா பிறகு கேட்கவில்லை.

மங்களேஸ்வரியின் தங்கச்சி வந்த பிறகு அந்த வீட்டில் பெரிதாகக் கதை ஒன்றும் எழவில்லை. விஜிதரன் முறைப்பாடு கொடுத்ததோடு நின்றுவிட்டான், சனிக்கிழமைகளிலும் வரவில்லை. தம்பி இரண்டு மூன்று கிழமை மூன்றரைக்கு ரோட்டுக்குப் போய் நின்றான் என்று தனுஷியா ஒருமுறை சொன்னாள். இப்போது நிற்பதில்லை.

அஜந்தா வலைப்பூவுக்கு ஒரு ஒழுங்கு வைத்தாள். எழுதிய பிள்ளை பக்கத்தில் இருக்க, முழுதும் வாசித்த பிறகுதான் பதிவு ஏறும். பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் கேட்பதில்லை. அப்படிச் செய்தால் கிழமைக்கு ஒன்றுக்கு மேல் போட முடியவில்லை. சில கிழமை அதுவும் இல்லை. பிள்ளைகள் சேவலை விட்டுவிட்டு வேறு விடயங்கள் எழுதத் தொடங்கினார்கள். அவற்றில் பாதி வலைப்பூவுக்குப் போகாமல் அவளோடு நின்றது. நல்லது நடக்கிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. வேலைதான் கூடியது. தலைவலி வந்தால் முன்னையைப் போலப் பிறகு பார்க்கலாம் என்று ஒட்டிவிட்டுப் போக இப்போது வழியில்லை.

ஆவணி முடியும்போது வலயத்திலிருந்து மறுபடி கடிதம் வந்தது. கடந்த தவணையோடு ஒப்பிடும்போது மாணவர் பதிவுகள் கணிசமாகக் குறைந்துள்ளன. காரணத்தை எழுத்தில் தரவும். அதிபர் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். அவள் பேனையை எடுத்து, ஒவ்வொரு பதிவையும் வாசிக்க நேரம் எடுக்கிறது என்று எழுதினாள்.

கனகசிங்கம் அதைத் தலைகீழாகவே வாசித்தார். "இப்பிடியே அனுப்புறதா?"

"ஓம் சேர்."

அவர் முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினார். அஜந்தா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அன்றைக்குப் பாதையின் இயந்திரத்தில் ஏதோ கோளாறு, ஐந்தரைக்குத்தான் ஓடும் என்று துறையில் சொன்னார்கள். ஸ்கூட்டியின் சீற்றில் சாய்ந்து இருந்துகொண்டு, பையில் கிடந்த தாள்களில் மேலே இருந்ததை எடுத்தாள். கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப் போனதைப் பற்றி ஒரு பிள்ளை கோணல் எழுத்தில் நான்கு பக்கம் எழுதியிருந்தது. அவள் முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.